காற்றாட விட அது பட்டுப்புடவை அல்ல



பதிவு நீளம். அமெரிக்காவில், குறிப்பாக மிச்சிகன் பக்கம், பேஸ்மென்ட் உள்ள வீட்டில் குடியிருப்பவர்களும், அந்தப் பேஸ்மென்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் இன்னும் நினைவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "பேஸ்மென்ட்ல சேஃப் வச்சிருக்கேன். ஜூன் வந்தாலே உள்ள ஈரம் புடிச்சு ரைபிள்ல துரு ஏறுது. என்ன பண்ணலாம்?" நியாயமான கேள்வி. வந்த பதில்களில் அதிகம் பாராட்டு வாங்கியது இது: "பகல்ல சேஃப் கதவைத் திறந்து போட்டுடு மச்சி. பேஸ்மென்ட் ஜன்னலையும் திறந்து வை. காத்தாடினா எல்லாம் சரியாயிடும்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் ஒரு கட்டைவிரல் என் சொந்தத் தங்கை மகனுடையது. அவன் வீட்டில் ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

குழுவில் நான்கு வரியில் பதில் எழுதினேன். "சார் பழைய காலத்து ஆளு" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். சரி, பழைய காலத்து ஆளாகவே விளக்கமாக எழுதுகிறேன். வேதியியல் பாடத்தோடு பதினான்கு ஆண்டுகள் தேசிய மாணவர் படையையும் பார்த்துக்கொண்டவன் நான். ஐப்பசி, கார்த்திகை மழையில் .22 ரைபிள்களுக்குப் புல்த்ரூ போட்டுத் துடைக்கச் சொல்லி நான் உயிரை வாங்கியதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். துப்பாக்கி வாங்கலாமா கூடாதா என்பது இந்தப் பதிவின் பொருள் அல்ல. என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். யாரும் கேட்கவில்லை. வாங்கியாகிவிட்டது. இனி அதை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் பேச்சு.

"காற்றாட விடு" என்ற யோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பங்குனி வெயிலில் பீரோவைத் திறந்து போட்டுப் பட்டுப்புடவைகளை நிழலில் உதறிப் போடுவார்கள். மழைக்காலத்தில் ஏறிய பூசண வாடை போய்விடும். அங்கே அது சரி. வெளிக்காற்று உலர்ந்தது, வீட்டுச் சுவரும் சூடு. வருகிற காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும். மிச்சிகன் ஜூலையில் நிலைமை தலைகீழ். வெளியே வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்று. கீழே மண்ணுக்குள் புதைந்த குளிர்ந்த கான்கிரீட் சுவர்.

கணக்குப் போடுவோம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். உங்கள் வீட்டுக் கணக்கில் அது 86 டிகிரி பாரன்ஹீட். வெளியே ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அந்தக் காற்றில் உள்ளது 18 கிராம். ஜன்னலைத் திறந்து இதைக் கீழே இறக்குகிறீர்கள். பேஸ்மென்ட் சுவர் 18 டிகிரி. அந்த வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று தாங்குவது 15 கிராம் சொச்சம்தான். மிச்சம் எங்கே போகும்? சுவரில், குழாயில், இரும்பில் நீராகப் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த டம்ளர் இருக்கும் இடத்தில் உங்கள் துப்பாக்கிக் குழலை வைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் குளிர்ந்து கிடந்த இரும்பைக் கதவு திறந்து வெளிக்காற்றுக்குக் காட்டினால் அதுதான் நடக்கும்.

நீர் சொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகி அரிப்பு வேகம் பிடிக்கும். 1930களிலேயே வெர்னான் என்ற ஆங்கிலேய அறிஞர் இப்படி ஓர் எல்லை இருப்பதைக் காட்டிவிட்டார். அதன் மேல் வியர்வைக் கையால் தொட்ட ரேகை ஒன்று இருந்தால் போதும், அதிலுள்ள உப்பு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வீட்டுக்குள் ஈரப்பதம் 60க்குக் கீழே, முடிந்தால் 30க்கும் 50க்கும் இடையே இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. அவர்கள் சொல்வது பூசணத்துக்காக. துருவுக்கும் அதே எண் பொருந்துகிறது.

ஆக, கதவைத் திறந்து வைப்பது துருவைக் குறைக்காது, கூட்டும். இது இயற்பியல். ஆனால் எனக்குக் கோபம் வந்தது இதற்காக அல்ல.

"பேஸ்மென்ட்டுக்கு யார் சார் போகப் போறாங்க?" என்று கேட்டான் ஒருவன். அடேய், உங்கள் வீடுகளுக்கு நான் வந்திருக்கிறேன். கேரம் போர்டு எங்கே இருக்கிறது? பெரிய டிவி எங்கே? பிறந்தநாள் விருந்துக்கு வருகிற பன்னிரண்டு பிள்ளைகளையும் "கீழ போய் விளையாடுங்க" என்று எங்கே அனுப்புகிறீர்கள்? பனிக்காலம் ஐந்து மாதமும் உங்கள் பிள்ளைகள் குடியிருப்பதே அங்கேதான். வீட்டிலேயே பிள்ளைகள் அதிகம் புழங்கும் தளத்தில் ஆயுதப் பெட்டியை வைத்துவிட்டு, காற்றோட்டத்துக்காக அதைத் திறந்தும் போடுவது என்ன புத்தி?

2021 நவம்பர் 30 அன்று ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நோவையும் டிராயும் இருக்கிற அதே ஓக்லாந்து கவுன்ட்டி. பதினைந்து வயதுப் பையன். நான்கு நாள் முன்பு அப்பா வாங்கிய கைத்துப்பாக்கி. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024இல் அந்தப் பையனின் தாய், தந்தை இருவருக்கும் தனித்தனியே பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது நீதிமன்றம். அதே ஆண்டு பிப்ரவரி 13 முதல் மிச்சிகனில் சட்டமே வந்துவிட்டது: சிறார் வரக்கூடிய இடத்தில் விட்டுவைக்கும் துப்பாக்கி, தோட்டா இல்லாமல் பூட்டுச் சாதனம் மாட்டியிருக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். சிறுவர் கையில் சிக்கி உயிர் போனால் வைத்திருந்தவருக்குப் பதினைந்து ஆண்டு வரை சிறை. "துரு பிடிக்கும்னு திறந்து வச்சேன் யுவர் ஆனர்" என்று நிற்பீர்களா?

அதனால் முதல் விதி, விவாதத்துக்கு இடமில்லாதது: பெட்டிக் கதவு மூடியே இருக்கும், பூட்டியே இருக்கும். ஈரத்தை அடக்கும் வேலையை அந்த விதிக்கு உட்பட்டுத்தான் செய்ய வேண்டும். கதவை மூடி வைப்பதுதான் ஈரத்தை அடக்கவும் வசதி என்பது கூடுதல் லாபம்.

எப்படி என்று பாருங்கள். ஆயிரம் சதுர அடி, எட்டடி உயரப் பேஸ்மென்டில் சுமார் 226 கன மீட்டர் காற்று இருக்கிறது. 18 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தை 45க்கு இறக்க அந்தக் காற்றிலிருந்து எடுக்க வேண்டிய நீர் 1,200 கிராம். நல்ல உலர்ந்த சிலிக்கா ஜெல் அந்த ஈரப்பதத்தில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரை வாங்கும் என்று வைத்தால் ஆறு கிலோ ஜெல் வேண்டும். அதுவும் ஒரே ஒரு தடவைக்கு. சுவரும் தரையும் மறுபடி மறுபடி ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். புது வீடு என்றால் கான்கிரீட்டில் ஊற்றிய தண்ணீரே இன்னும் முழுதாக வெளியேறியிருக்காது. இப்போது மூடிய பெட்டிக்கு வாருங்கள். 0.6 கன மீட்டர். எடுக்க வேண்டியது மூன்று கிராம் சொச்சம். 40 கிராம் ஜெல் இரண்டு தடவைக்குத் தாங்கும். நீங்கள் ஒருமுறை கதவை அகலத் திறந்து வைத்தால் அதில் ஒரு தடவை போயிற்று. நாள் முழுக்கத் திறந்து வைத்தால், பாவம் அந்தப் பொட்டலம், 226 கன மீட்டரோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

காலணிப் பெட்டியில் வந்த பொட்டலங்களைச் சேர்த்துச் சேஃபுக்குள் போடும் கஞ்சத்தனத்தையும் விடுங்கள். அவை கப்பலிலேயே வயிறு நிரம்பி வந்தவை. நிறம் மாறும் வகையாக வாங்குங்கள். நம் ஆய்வகத்தில் நீலம் இளஞ்சிவப்பாக மாறுமே, அது கோபால்ட் குளோரைடு; உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிற வகை கிடைக்கிறது. நிறம் மாறியதும் 120 டிகிரி செல்சியஸ் அடுப்பில் தட்டில் பரப்பி இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பழையபடி ஆகும். பிளாஸ்டிக் உறையோடு வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

ஒரு மாணவி தன் கணவர் கிண்ணத்தில் கல்லுப்பு வைத்திருப்பதாக எழுதியிருந்தார். அம்மா, சோடியம் குளோரைடு 75 சதவீதத்துக்குக் கீழே காற்றிலிருந்து நீரை இழுக்காது. இரும்புக்கு வேண்டியதோ 50. ஆகவே அந்த உப்பு அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது. சிந்தினால் மட்டும் வேலை செய்யும், துருவின் பக்கம் சேர்ந்து. கடையில் டப்பாவாக விற்கும் கால்சியம் குளோரைடு நன்றாகவே நீரை இழுக்கும். ஆனால் இழுத்த நீரில் தானே கரைந்து உப்புக் கரைசலாக டப்பாவில் தேங்கும். அதைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில், ஒருவர் கை தட்டினால் கவிழும் உயரத்தில் வைப்பானேன்? அரிசி மூட்டையைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

பெட்டிக்குள் மாட்டும் சூட்டுக்கம்பி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது நீரை எடுப்பதில்லை. பெட்டிக்குள் வெப்பத்தை இரண்டொரு டிகிரி உயர்த்தும். அதனால் ஒப்பு ஈரப்பதம் இறங்கும், இரும்பு சுவரைவிடக் கதகதப்பாக இருப்பதால் வியர்க்காது. நல்ல ஏற்பாடுதான், வெளியறை ஓரளவு உலர்ந்திருந்தால். 85 சதவீதத்தில் மிதக்கும் அறைக்கு நடுவே அதை மட்டும் நம்புவது காய்ச்சலுக்கு விசிறி வீசுவது போல.

அறையை உலர்த்த டிஹியூமிடிஃபையர்தான் வழி. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2019 முதல் அமெரிக்காவில் இந்த இயந்திரங்களை 80 டிகிரி பாரன்ஹீட்டுக்குப் பதில் 65 டிகிரியில் சோதிக்கிறார்கள். பேஸ்மென்டின் உண்மையான குளிர் அதுதான். அதனால் முன்பு 70 பைன்ட் என்று விற்றது இப்போது 50 பைன்ட். எண் குறைந்துவிட்டதே என்று பழைய சரக்கைத் தேடி ஓடாதீர்கள். அதிலும் யாரோ கராஜில் விற்கும் பழசு வேண்டவே வேண்டாம். 2013இல் தீப்பிடிக்கும் ஆபத்து என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களை அந்நாட்டில் திரும்பப் பெற்றார்கள். எந்த இயந்திரமானாலும் அதை ஒட்டித் தோட்டாப் பெட்டியை அடுக்காதீர்கள். தொட்டியை நம்பாமல் குழாய் மாட்டித் தரைச் சாக்கடைக்கோ சம்ப் குழிக்கோ நீரை விடுங்கள். தொட்டி நிரம்பினால் இயந்திரம் நின்றுவிடும். நீங்கள் இந்தியா வந்து ஆறு வாரம் தங்குவது சரியாக ஜூலையில்தானே! 45 என்று வைத்து, ஜன்னலை மூடி, ஓட விடுங்கள்.

"கரண்ட் பில் சார்!" 500 வாட் இயந்திரம் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 5 யூனிட். ஆயிரம் டாலர் ரைபிளும் அதற்கு மேல் விலையில் சேஃபும் வாங்கியவர் பேசுகிற பேச்சா இது?

அதற்கும் முன்னால் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அஸ்திவாரத்தின் காலடியிலேயே கொட்டுகிறதா? முதல் பத்தடிக்குள் மண் ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும் என்பது அவர்கள் கட்டட விதி. பல வீடுகளில் பூச்செடிக்கு மண் கொட்டிக் கொட்டிச் சரிவு வீட்டுப்பக்கம் திரும்பியிருக்கும். சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் ஈரம் என்றால் நீர் சுவர் வழியே வருகிறது. முன்பக்கம் என்றால் அறைக் காற்றிலிருந்து படிகிறது. சேஃபை வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். நேரடியாகக் கான்கிரீட் தரையில் உட்கார வைக்காதீர்கள். உங்கள் ஊர்க்காரர்கள் அடியில் ஐஸ் ஹாக்கி வட்டுகளை வைப்பார்களாம். மிச்சிகனில் வேறென்ன கிடைக்கும்!

இதெல்லாம் முடியாது, நேரமில்லை என்றால் சேஃபைத் தரைத்தளத்து உள் அலமாரி அறைக்கு மாற்றுங்கள். ஆள் வைத்துத் தூக்க ஒரு நாள் செலவு. துருவும் போச்சு, கேரம் போர்டு பக்கத்தில் ஆயுதம் இருப்பதும் போச்சு. நான் முதலில் சொன்னதும் இதைத்தான். யார் காதிலும் விழவில்லை.

இனி தோட்டா. துப்பாக்கியோடு சேர்த்து வைக்காமல், தனியாக, அதையும் பூட்டி வைக்கச் சொல்லித்தான் தோட்டா தயாரிப்பாளர்களின் சங்கமே அறிவுறுத்துகிறது. ரப்பர் விளிம்பு வைத்த இராணுவத் தகரப் பெட்டி இதற்கு நல்லது. காற்றுப் புகாததால் அங்கே சிலிக்கா ஜெல் உண்மையிலேயே பல மாதம் உழைக்கும். ஈரமில்லாத பனிக்காலப் பகலில் மூடுங்கள், விளிம்பு வெடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல் பரணுக்குக் கொண்டுபோகாதீர்கள். வெடிமருந்தில் உள்ள நைட்ரோசெல்லுலோஸுக்கு ஈரத்தைவிட வெப்பம் பெரிய பகை.

இன்னொரு பகை பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரைப்படையின் தோட்டாக்களை லாயங்களில் வைத்திருந்தார்கள். பருவம் முடிந்து எடுத்தால் பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டிருக்கும். மழைப்பருவத்தில் வந்ததால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து, கூட்டைச் செய்யும்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசை உள்ள இடங்களில் தாமிரத்தைத் தின்கிறது. உப்புப் பகுப்பாய்வில் அம்மோனியா விட்டதும் கரைசல் அடர் நீலமாக மாறி "தாமிரம் சார்!" என்று கத்துவீர்களே, அதே வினை. உங்கள் வீட்டில் குதிரை இல்லை, தெரியும். பூனையின் மணல் தொட்டி எங்கே இருக்கிறது? பேஸ்மென்டில், படிக்குக் கீழே. தோட்டாப் பெட்டி? பெரும்பாலும் அதற்குப் பக்கத்து அலமாரியில். குழல் சுத்தம் செய்யும் சில திரவங்களிலும், கண்ணாடி துடைக்கும் திரவங்களிலும் அம்மோனியா உண்டு. தள்ளி வையுங்கள்.

பச்சை பூத்த, விரிசல் கண்ட தோட்டாவை உரசித் துடைத்துச் சுடலாம் என்று நினைக்காதீர்கள். ஈரம் பட்ட மருந்து பாதி எரிந்து குண்டைக் குழல் நடுவே நிறுத்திவிட்டால், அடுத்த வெடியில் குழலே கிழியும், சுடுபவர் முகத்துக்குப் பக்கத்தில். அப்படிப்பட்ட தோட்டாக்களை வாங்கிக்கொள்வார்களா என்று உள்ளூர்க் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் கேட்டு ஒப்படையுங்கள். குப்பையில் போடாதீர்கள். துரு தடுக்க என்று தோட்டா மேல் எண்ணெய் தெளிப்பதும் கூடாது. எண்ணெய் ஊர்ந்து உள்ளே போய்ப் பற்றவைக்கும் மருந்தைச் செயலிழக்க வைக்கும். எண்ணெய் துப்பாக்கிக்கு மட்டும், மெல்லிய பூச்சாக.

தோல் உறையிலும் போட்டு வைக்காதீர்கள். தோல் பதனிடும் ஊரில் பிறந்தவன் சொல்கிறேன். தோலில் உப்பும் அமிலமும் மிஞ்சியிருக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஆம்பூர்த் தோல் என்று நான் பரிசாகக் கொடுத்த உறையானாலும் சரி, எடுத்துப் போகத்தான் அது, தூங்க வைக்க அல்ல.

கடைசியாக வீட்டுப்பாடம். சேஃபுக்குள் ஒன்று, அறையில் ஒன்று என இரண்டு ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள். மலிவுதான். மலிவு என்பதாலேயே நம்ப முடியாது, சோதித்துப் பார்க்க வேண்டும். பாட்டில் மூடியில் உப்பு போட்டு, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டு நீர் விடுங்கள். மூடியையும் மீட்டரையும் ஜிப் பையில் போட்டு இறுக்கி, எட்டு மணி நேரம் ஓரிடத்தில் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கல்லுப்புக் கிண்ணத்தை அந்த மாணவியின் கணவர் இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு அளவையும் எனக்கு அனுப்புங்கள். தங்கை மகனுக்கு மட்டும் தனியாக: மாப்பிள்ளை, உன் அளவு அப்புறம் வரட்டும். இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் கீழே போய்க் கதவைப் பூட்டிவிட்டு எனக்கு ஒரு போன் போடு. இங்கே நள்ளிரவானாலும் பரவாயில்லை.